பால்வெட்டும் பள்ளிக்கூடத் தலைவியும்

கேள்வி: மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக நிற்கச் சொல்கிறார்கள். விடியலில் ரப்பர் பால்வெட்டப் போகிறவள் நான்; படிப்பும் எட்டோடு சரி. நிற்கலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: தாராளமாக நில்லுங்கம்மா. பிள்ளை அங்கே படிக்கிறாளா என்பதுதான் கணக்கு, உங்கள் படிப்பு அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிற உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். உங்களுடையது அரசுப் பள்ளி; பள்ளி வளர்ச்சித் திட்டத்தையே குழுதான் போடும். என் மகன் பள்ளியில் நானும் உறுப்பினராக இருந்தேன். கழிப்பறைக் கதவுக்கு ஒரு கொண்டி போட மூன்று கூட்டம் ஆயிற்று! கூட்டத்தை மட்டும், வெட்டிய பாலை உறையவைத்து ரப்பர் ஷீட்டாக அடித்து முடித்த பிறகு, மதியத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.