ஃபுல்டுக்கு யார் பிணை?

வணக்கம் அக்கா,
ஊர் மாங்குளம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். லீமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கியின் ரிச்சர்ட் ஃபுல்ட் பற்றி ஒப்படை எழுதுகிறேன். 1969இல் சேர்ந்தவர், 1994இலிருந்து பிரதம நிறைவேற்று அதிகாரி. 2008இல் உலகையே உலுக்கிய வீழ்ச்சி. தலைமைத்துவத்தில் அவர் எங்கே பிழை விட்டார்? வன்னிப் பிள்ளை ஒன்று அப்படியொரு கதிரைக்கு வரலாமா?

அன்புள்ள தம்பி,

வரலாம், ஏன் வர முடியாது? அதை விடும். பிழை எங்கே என்பது உம்முடைய பாடக்குறிப்பிலேயே இருக்கும். சொந்தக் காசைப் போல முப்பது மடங்கு சொத்து, மிச்சமெல்லாம் கடன். அதில் பெரும் பங்கை வீடு, காணிச் சந்தையில் போட்டார். சந்தை விழ, வங்கியும் விழுந்தது.

'உலகையே உலுக்கிய' என்கிறீரே, அதுதான் எனக்குக் கோபம். லீமன் வங்குரோத்து மனுக் கொடுத்தது 2008 செப்டெம்பர் 15. அடுத்த நாள், போர் நெருங்கி வர, ஐ.நா. வாகனங்கள் எங்கள் வன்னியின் கிளிநொச்சியை விட்டுப் போயின. போகாதையுங்கோ என்று சனம் அவர்களின் வாசலில் நின்று கெஞ்சியும் போயின. வீட்டில் ஒருவரும் இதைச் சொல்லவில்லையா?

சரி. உம்முடைய கடிதம் வந்தபோது நான் பிணையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் செவ்வாய்க்கிழமை நுண்கடன் கூட்டம். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அன்றைக்கு ஒருத்தி வரவில்லை. போட்ட கச்சான் மழைக்கு அழுகிப்போயிருந்தது. லோன்காரப் பெடியன் மோட்டார் சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு, கொப்பியை மடியில் விரித்தபடி அசையாமல் இருந்தான். கடைசியில் ஒரு பெண் மகளின் உண்டியலை உடைத்து, குத்திக் காசுகளைப் பாயில் கொட்டினாள். அவன் ஒவ்வொன்றாக எண்ணி, ஐந்து ரூபாய் கூட என்று திருப்பிக் கொடுத்தான். நேர்மையான பெடியன்தான். அவனுக்கும் மேலே ஒருவன் நெருக்குவான்.

ஃபுல்டுக்கு யார் பிணை நின்றது? 613 பில்லியன் டொலர் கடன். வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். அந்த ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால் இருந்து, என் முடிவுகளுக்கு முழுப் பொறுப்பும் நானே என்றார். அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவை சரியான முடிவுகள் என்றும் சொன்னார். சம்பளம், போனஸ் என்று 480 மில்லியன் டொலர் எடுத்தது நியாயமா என்று குழுவில் கேட்க, அவ்வளவு வராது என்று தொகையைத் திருத்தினார். குற்ற வழக்கு எதுவும் அவர் மேல் வரவில்லை. பங்குகளில் அவரும் நிறைய இழந்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடனுக்காக அவர் வீட்டு வாசலில் ஒருவரும் கொப்பியோடு குந்தியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் அவருடைய தவணையை நீ கட்டு என்று எவரும் கேட்கவுமில்லை. தலைமைத்துவம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள் ஒருவரும் இதை ஏன் எழுதுவதில்லை?

கோபிக்காதையும். நல்லாய் எழுதுகிறீர், எழுத்துப்பிழையும் இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவும் இப்படி ஒரு குழுவில் இருக்கிறாவா என்று கேளும். இருந்தால் அவவின் கொப்பியை வாங்கி, ஆண்டு வட்டி எத்தனை வீதம் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்பும். ஒப்படையைப் பிறகு பார்ப்போம்.