படபடப்புக்கு இடம் கொடுப்பது

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெரிசலான பேருந்தில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. இதயத்தில் குறை எதுவுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆயினும் அன்றிலிருந்து பேருந்து, கல்யாண மண்டபம், திரையரங்கு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். இப்போது நான் பார்க்கும் உளவியலாளர், படபடப்பை விரட்டாமல் அதற்கு இடம் கொடுக்கப் பழகலாம் என்கிறார். நோயோடு இருந்துகொள் என்று சொல்ல ஒரு சிகிச்சை எதற்கு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துன்பத்தோடு வருபவரிடம் அதை ஏற்கச் சொன்னால் கைவிடப்பட்டதாகவே தோன்றும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைய படபடப்பு சில நிமிடங்களில் அடங்கியிருக்கும். அது திரும்ப வந்துவிடக் கூடாது என்ற முயற்சிதான் இரண்டு ஆண்டுகளாக உங்கள் நடமாட்டத்தைச் சுருக்கி வருகிறது. பேருந்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது அல்லவா? தவிர்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் அந்த நிம்மதியிலிருந்தே கற்றுக்கொள்கிறது. எண்ணங்களும் அப்படித்தான். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று முதலில் தடுக்கப்பட்டவர்கள், தடை நீங்கியதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக அதையே நினைத்தார்கள்.

உங்கள் உளவியலாளர் சொல்வது ‘ஆக்ட்’ எனப்படும் ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சையாகத் தெரிகிறது. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ், 1978இல் தம் துறைக் கூட்டமொன்றில் உங்களைப் போலவே பீதிக்கு ஆளாகி, அடுத்த சில ஆண்டுகள் அதிலிருந்து ஓடி ஓடி மேலும் மோசமானவர். இச்சிகிச்சையில், ‘மயங்கி விழப்போகிறேன்’ என்பதை, ‘மயங்கி விழப்போகிறேன் என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். எண்ணம் அப்படியே இருக்கும், ஆனால் அதன் சொற்படி பேருந்திலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் தளரும். அதைவிட முக்கியமாக, யாருடைய கல்யாணத்துக்குப் போக முடியாதது உங்களை வருத்துகிறது என்று கேட்டு, அந்த அக்கறையிலிருந்தே அடுத்த சிறு அடியைத் தேடுவார்கள். மாற்றக்கூடிய சூழலை, குறிப்பாக அடி உதையையும் அவமதிப்பையும், சகித்துக்கொள்ளும்படி இச்சிகிச்சை ஒருபோதும் சொல்வதில்லை. ஏற்கச் சொல்வது உள்ளே எழும் உணர்வை மட்டுமே.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏற்றுக்கொண்டால் படபடப்பு போய்விடும் என்ற கணக்கோடு ஏற்றால், அதுவும் தவிர்த்தலின் இன்னொரு வடிவமாகிவிடும். பலர் சில வாரங்களில் சலித்துப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் கேட்ட இதே கேள்வியை, இதே கோபத்தோடு, அடுத்த அமர்வில் உங்கள் உளவியலாளரிடமும் கேளுங்கள்.