ஆன்டிவைரஸ் வழியாகவே ஒருவர் அட்மின் உரிமை பெற முடியுமா?

கேள்வி இதுதான்: சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்த ஒருவர், அந்தக் கணினியில் காவலுக்கு இருக்கும் ஆன்டிவைரஸைக் கொண்டே முழு உரிமையையும் பெற முடியுமா, முடிந்தால் எப்படித் தடுப்பது?

முடியும். விண்டோஸில் ஆன்டிவைரஸ் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் அதன் நிரல், ‘சிஸ்டம்’ கணக்கில் ஓடுகிறது. அது அட்மின் கணக்குக்கும் ஒரு படி மேல். ஆனால் அது நாள் முழுக்கப் புழங்கும் இடம், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டர்கள். அங்கே கிடக்கும் கோப்புகளைத் திறக்கிறது, நகர்த்துகிறது, அழிக்கிறது. பெரும்பாலான ஓட்டைகள் இந்த முரணில்தான் பிறக்கின்றன.

அழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் தன் ஃபோல்டரில், ஆன்டிவைரஸைச் சோதிக்கவென்றே உள்ள ஐகார் கோப்பை வைக்கிறார். 68 பைட் கொண்ட, தீங்கில்லாத கோப்பு அது. ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்து அழிக்க முடிவு செய்கிறது. முடிவுக்கும் செயலுக்கும் நடுவே, அந்த ஃபோல்டரை வேறு இடம் நோக்கிய ஜங்ஷனாக, அதாவது வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்பாக, பயனர் மாற்றிவிடுகிறார். சர்வீஸ் பாதையின் பெயரை நம்பி மறுபடி திறந்தால், ப்ரோகிராம் ஃபைல்ஸில் அதே பெயரில் உள்ள வேறு கோப்பு அழிகிறது. இதே வேலையைச் செய்யும் சிம்லிங்க் என்ற இணைப்பை உருவாக்க வழக்கமாகத் தனி உரிமை தேவை, ஜங்ஷனுக்குத் தேவையில்லை. இடைவெளி நொடியில் ஒரு துளிதானே என்று நினைக்க வேண்டாம். ஆப்லாக் என்ற கோப்புப் பூட்டால் சர்வீஸை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்க முடியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமாக 28 ஆன்டிவைரஸ்கள் இந்த வகைத் தவறுக்கு ஆளானதை 2020இல் ராக்911 லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

அழிப்பதால் உரிமை எப்படி உயரும் என்று கேட்கலாம். மென்பொருள்களை நிறுவும் விண்டோஸ் இன்ஸ்டாலர், நிறுவல் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரோல்பேக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் வைத்து, சிஸ்டம் உரிமையில் அவற்றைப் படிக்கிறது. அந்த ஃபோல்டரை அழிக்க வைத்து, அதே பெயரில் தன்னுடையதை உருவாக்கிவிட்டால் போதும். இந்த உத்தி 2022இல் விரிவாக வெளியானது. அதனால் ‘கோப்பை அழிக்க மட்டுமே முடியும்’ என்று ஒரு ஓட்டையைச் சாதாரணமாக மதிப்பிடுவது தவறு.

சந்தேகக் கோப்புகளை ஒதுக்கிவைக்கும் க்வாரண்டைனிலிருந்து மீட்பது இதன் மறுபக்கம். பாதுகாப்பு ஆய்வாளர் ஃப்ளோரியன் போக்னர் 2017இல் வெளியிட்ட ஏவிகேட்டர் என்ற தாக்குதல் முறையில், மீட்கும் கோப்பு ஜங்ஷன் வழியாக ஆன்டிவைரஸின் சொந்த ஃபோல்டருக்கே போய் விழுந்தது. அடுத்த முறை சர்வீஸ் தொடங்கும்போது அதை டிஎல்எல்லாக, அதாவது தன் நிரலின் ஒரு பகுதியாக, ஏற்றிக்கொண்டது. மீட்கும் உரிமையை அட்மினுக்கு மட்டும் என்று பாலிசியில் வைத்துவிடுங்கள். பல தயாரிப்புகளில் இந்த அமைப்பு உண்டு.

டிரைவர்கள் என்பவை கணினியின் மையமான கர்னலில் ஓடும் நிரல்கள்; அவற்றில் உள்ள ஓட்டை இன்னும் நீண்ட ஆயுள் கொண்டது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் சீரமைப்பு டிரைவரில் இருந்த, சிவிஇ-2021-24092 என்று எண்ணிடப்பட்ட ஓட்டை சுமார் 12 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அந்த டிரைவர் தேவைப்படும்போது மட்டும் வட்டில் இறங்கி, வேலை முடிந்ததும் நீங்கிவிடும். அவாஸ்ட் ஆன்டிவைரஸின் ஆன்டி-ரூட்கிட் டிரைவரில் பல ஆண்டுகளாக இருந்த 2 பிழைகள் 2022இல்தான் திருத்தப்பட்டன. திருத்தியும் பிரச்சினை தீரவில்லை. ஏற்கெனவே அட்மின் உரிமை பெற்ற தாக்குபவர், முறையாகக் கையொப்பமிட்ட பழைய டிரைவரைத் தானே கையோடு கொண்டுவந்து ஏற்றுகிறார். அந்த ஆன்டிவைரஸ் இல்லாத கணினியிலும் அது வேலை செய்கிறது.

இனி, என்ன பார்க்க வேண்டும்.

முதலில் அப்டேட். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். வைரஸ் வரையறைகள் ஒரு நாளில் பலமுறை வரும். எஞ்சினும் பிளாட்ஃபார்மும் தனியாக, பொதுவாக மாதம் ஒருமுறை. வரையறை புதிது என்பதால் டிரைவரும் சர்வீஸும் புதிது என்று ஆகாது. டிஃபெண்டர் என்றால், பவர்ஷெல்லில் கெட்-எம்பிகம்ப்யூட்டர்ஸ்டேட்டஸ் (Get-MpComputerStatus) என்ற கட்டளையைக் கொடுத்து, எஞ்சின் வெர்ஷன், ப்ராடக்ட் வெர்ஷன் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்து ஃபோல்டர் அனுமதிகள். ப்ரோகிராம்டேட்டாவில் சாதாரணப் பயனரும் புதுக் கோப்பு, ஃபோல்டர் உருவாக்கலாம். சி டிரைவின் வேரிலும் புது ஃபோல்டர் உருவாக்கலாம். ஆன்டிவைரஸின் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றிலும், அனுமதிகளைக் காட்டும் ஐகேக்கல்ஸ் (icacls) கட்டளையை ஓட்டி, யூசர்ஸ், எவ்ரிஒன், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் பெயர்களுக்கு எதிரே எஃப் (முழு உரிமை), எம் (மாற்றும் உரிமை), டபிள்யூ (எழுதும் உரிமை) எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். லாக் ஃபோல்டரில் இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

பிறகு, நிரல்கள் எந்தக் கோப்புகளைத் தொடுகின்றன என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டர் கருவி. சர்வீஸின் பெயருக்கும், ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்ற முடிவுக்கும் ஃபில்டர் போட்டு, அப்டேட், ஸ்கேன், க்வாரண்டைன் மூன்றையும் செய்து பாருங்கள். கணினி தொடங்கும்போதே பதிவுசெய்யும் பூட் லாகிங்கும் தேவை. இல்லாத டிஎல்எல்லையோ, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் கான்ஃபிக் கோப்பையோ, பயனர் உருவாக்கக்கூடிய பாதையில் சர்வீஸ் தேடினால் அது உண்மையான ஓட்டை. பயனர் கோப்பைத் திறக்கும் வரியின் விவரத்தில் ‘இம்பர்சனேட்டிங்’ என்று இருந்தால், சர்வீஸ் அந்தப் பயனரின் உரிமையோடுதான் திறக்கிறது; நல்ல அறிகுறி.

விண்டோஸ் 11இல் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் ஆபத்தான டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

இத்தகைய நிரலை எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோப்பைத் திறக்கும்போது சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்று சொல்லும் லினக்ஸின் ஓ_நோஃபாலோ கொடி (flag), பாதையின் கடைசிப் பெயரை மட்டும் காக்கிறது. நடுவில் உள்ள ஃபோல்டர் சிம்லிங்க்காக மாறினால் அது கண்டுகொள்ளாது. லினக்ஸ் கர்னல் 5.6 முதல் உள்ள ஓபன்அட்2 என்ற அழைப்பில் சிம்லிங்க்கை முழுவதும் மறுக்கும் கொடி உண்டு. விண்டோஸில் ஜங்ஷன் போன்ற இணைப்புகளைப் பின்தொடராமல் திறக்கும் ரீபார்ஸ் பாயிண்ட் கொடிக்கும் அதே குறை. கோப்பைத் திறந்ததும் கிடைக்கும் பிடியான ஹேண்டிலைப் பெற்று, அதிலிருந்தே இறுதிப் பாதையைக் கேட்டுச் சரிபார்த்து, அழிப்பதையும் அதே ஹேண்டிலால் செய்யுங்கள். நிரல்கள் தமக்குள் பேசும் வழியான பைப்பில் சர்வீஸோடு பேசுவது, பயனர் திரையில் பார்க்கும் நம் கையொப்பமிட்ட நிரல்தானே என்று நம்புவதும் பலிக்காது. அந்த நிரல் பயனரின் உரிமையில் ஓடுகிறது; அதற்குள் தன் குறியீட்டை அவரே நுழைக்கலாம். யார் கேட்கிறார் என்பதோடு, என்ன கேட்கிறார் என்பதையும் சர்வீஸ் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

இதற்காக ஆன்டிவைரஸையே எடுத்துவிடலாமா என்றால், வேண்டாம். மேலே சொன்ன தாக்குதல்களுக்கெல்லாம் ஒருவர் முன்பே உள்ளே வந்திருக்க வேண்டும். அந்த முதல் நுழைவைத் தடுப்பதில் அதற்கு இன்னும் பங்கு உண்டு. ஒரு தயாரிப்பிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் மட்டும், பழைய நிறுவனம் தரும் நீக்கல் கருவியை ஓட்டி, அதன் டிரைவர்கள் எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்துவிடுங்கள். அப்படி மிஞ்சும் டிரைவருக்கு அப்டேட் எதுவும் வராது.