சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால் போதுமா?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்திவருகிறேன். விண்டோஸ் 10 உள்ள என் பழைய கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால், ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடியும் நிறுவச் சொல்கிறார்கள். வேலைக் கோப்புகள் எல்லாம் டி டிரைவில்தான் உள்ளன. சி டிரைவை மட்டும் அழித்தால் எதுவும் போகாது அல்லவா?
– ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: அப்படி நம்பித்தான் பலர் கோப்புகளைப் பறிகொடுக்கிறார்கள். டி டிரைவில் நீங்களே கொண்டுபோய் வைத்தவை தப்பும் என்பது உண்மை. ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை, நீங்கள் இடம் மாற்றியிருந்தாலொழிய, சி டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. அச்சகம் என்பதால் இன்னொன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த அழைப்பிதழ்கள் டி டிரைவில் பத்திரமாக இருந்தாலும், எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இருப்பதால், அவை அழிந்தபின் கோப்பைத் திறந்தால் தமிழ் வரிகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் கலந்து தெரியும். அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலும், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவும் போதும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். ஆபத்தான இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த இடத்தில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இரா. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3' என்பதுபோல் வரிசை எண்ணும் கொள்ளளவும் மட்டுமே இருக்கும். எனவே ஒவ்வொரு டிரைவின் கொள்ளளவையும் முன்கூட்டியே தாளில் குறித்து வைத்திருந்து, அதனோடு ஒப்பிட்ட பிறகே 'ஃபார்மேட்' பொத்தானைத் தொட வேண்டும். ப்ராடக்ட் கீ கேட்டால், இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, நிறுவுங்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. இணையம் கிடைத்ததும் தானே செயல்படும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் கருத்து வேறு. உங்கள் கணினியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், ஃபார்மேட் செய்வதைவிட, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்துவதே மேல். வேகத்தில் பெரிய மாற்றம் அதில்தான் தெரியும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவினால், கை தவறி அழிப்பதற்கு அங்கே எதுவுமே இராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா, பிராசஸர் ஆதரிக்கப்படும் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, இரண்டும் பொருந்தினால் விண்டோஸ் 11-ஐயே நிறுவுங்கள்.

கேள்வி: பழைய கணினியை விற்கப்போகிறேன். குயிக் ஃபார்மேட் செய்தால் போதுமா?
– ஒரு வாசகி, விருதுநகர்.

பதில்: போதாது. குயிக் ஃபார்மேட் கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. தரவு அப்படியே கிடப்பதால், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் படங்களை எடுத்துவிடலாம். 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் எல்லாவற்றையும் நீக்கும் தெரிவோடு 'கிளீன் டேட்டா'வையும் இயக்குங்கள். சில மணி நேரம் ஆகலாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.