41 வயதில் தற்காப்பு வகுப்பா? தாராளமாகச் சேருங்கள்

சகோதரி, மூட்டு வலி இருக்கிறது, மஞ்சக்குப்பத்தில் பார்த்த கராத்தே வகுப்பில் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள், 41 வயதில் போகக் கூச்சமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கூச்சமே வேண்டாம், சேருங்கள். ஆனால் பெல்ட் தேர்வுக்குப் பழகுவது வேறு, தற்காப்பு வேறு. பின்னாலிருந்து பிடித்தால் விடுபடுவதை ஜோடி சேர்த்துப் பழக்குவார்களா என்று மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். காற்றில் குத்துவது மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

உதாரணமாக, ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால் வெடுக்கென்று பின்னால் இழுக்கத்தான் தோன்றும். அதில் பலம் உள்ளவனே ஜெயிப்பான். அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பிடியில் பலவீனமானது. முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாகக் கையைத் திருப்பி உருவ வேண்டும். கூடவே உரக்கக் கத்த வேண்டும், விடுபட்டதும் ஓட வேண்டும். பலருக்குக் கத்தத்தான் வராது; அதையும் வகுப்பிலேயே பழகுங்கள்.

மூட்டு வலியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவளைத் தாவல், உயர உதைப்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேராகப் போய்ப் பெரியவர்களுக்குத் தனி பேட்ச் கேட்டுப் பாருங்கள். அப்புறம், அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவி எண்ணான 181 இரண்டையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.