ஐஸ் உருகினாலும் நீர்த்துப் போகாத எஸ்பிரசோ: வாசகர் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: வணக்கம் அம்மா. என் மகள்கள் இருவரும் கடையில் கேரமல், ஹேசல்நட் என்று வாசனை சேர்த்த குளிர்ந்த எஸ்பிரசோ பானங்களை விரும்பிக் குடிக்கிறார்கள். வீட்டில் இன்ஸ்டன்ட் தூளைக் கரைத்து ஐஸ் போட்டுக் கொடுத்தால், முதல் இரண்டு வாய் நன்றாக இருக்கிறது; பாதி டம்ளரில் வெறும் பால் தண்ணீராகிவிடுகிறது. எஸ்பிரசோ இயந்திரம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. நீங்கள் சேர்க்கும் வாசனையில் குறையொன்றும் இல்லை. ஐஸில் படுவதற்கு முன் காபி எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் எஸ்பிரசோவுக்கு ஏறத்தாழ 18 கிராம் தூளின் வழியே, 9 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு), 25 முதல் 30 விநாடிக்குள் வெந்நீரைச் செலுத்தி, 36 கிராம் அளவுக்கே காபிச் சாற்றை எடுக்கிறார்கள். தூளின் எடையைப் போல இரண்டே மடங்கு சாறு என்பதால்தான், பாலும் ஐஸும் சேர்ந்த பிறகும் காபியின் சுவை மேலே நிற்கிறது.

உங்கள் வீட்டு ஃபில்டரில் அழுத்தம் கிடையாது. ஆகவே எஸ்பிரசோவின் மேலே படியும் பொன்னிற நுரையும் அதன் கனமும் அப்படியே வராது. ஆனால் கெட்டித்தன்மையை அதிலும் கொண்டுவர முடியும். 40 கிராம் தூளை மேல் பாத்திரத்தில் இட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன வெந்நீரில் 160 மில்லியை மெதுவாக ஊற்றி மூடிவையுங்கள். தூள் தன் எடையைப் போல இரு மடங்கு நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால், கீழே இறங்குவது சுமார் 80 மில்லிதான். அந்த முதல் டிகாஷன் மட்டுமே இதற்கு உதவும். இரண்டாவது டிகாஷனை மாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; ஐஸ் பானத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

தூள் வாங்கும்போது சிக்கரியின் விகிதத்தைப் பாருங்கள். நம் நாட்டில் காபி–சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். விகிதம் பாக்கெட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். சூடான காபிக்குச் சிக்கரி தரும் நிறமும் கனமும் பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் குளிரில் காபியின் மணம் அடங்கி, சிக்கரியின் கருகிய கசப்பு மட்டும் நாக்கில் தங்குகிறது. சிக்கரி சேராத தூளோ, மிஞ்சினால் 10 சதவீதம் சேர்ந்த தூளோ போதும்.

அடுத்தது, சூட்டை ஆற்றுவது. 80 டிகிரி சூட்டிலுள்ள 40 மில்லி காபியை நேரே ஐஸ் மேல் ஊற்றினால், அது நன்றாகக் குளிர்வதற்குள் ஏறத்தாழ 35 கிராம் ஐஸ் உருகிவிடும். அதாவது, டிகாஷனில் கிட்டத்தட்ட சம அளவு தண்ணீரை நீங்களே கலந்ததற்கு ஒப்பாகும். எனவே டிகாஷனை ஆறவைத்து, இறுக மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் குளிரவையுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். காபி அண்டை வாசனையை எளிதில் இழுத்துக்கொள்ளும், நம் பகுதியில் நேற்றைய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இல்லாத ஃபிரிட்ஜ் அரிது.

300 மில்லி டம்ளரில் முதலில் 15 முதல் 20 மில்லி வாசனைப் பாகு (செய்முறை கீழே திருவொற்றியூர் வாசகிக்கான பதிலில்), அதன் மேல் 50 மில்லி குளிர்ந்த டிகாஷன் ஊற்றிக் கலக்கி, டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, கடைசியில் 100 மில்லி குளிர்ந்த பாலை ஊற்றுங்கள். ஐஸைக் குறைத்தால் நீர்த்துப் போகாது என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டு மூன்று கட்டிகள் மட்டும் போட்டால் அவை முழுவதும் உருகிப்போய், பானமும் வெதுவெதுப்பாகிவிடும். டம்ளர் நிறைந்திருந்தால் குளிர்ச்சி நிலைத்து, ஐஸ் மெதுவாகவே கரையும். பால் கொழுப்பு நிறைந்ததாக இருப்பது நல்லது. காய்ச்சி ஆறிய பாலைக் கட்டாயம் வடிகட்டுங்கள். சூடான காபியில் தெரியாத ஆடைத் துணுக்குகள் குளிர்ந்த பானத்தில் மேலே மிதந்து உதட்டில் ஒட்டும். மிஞ்சிய டிகாஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால், மறுநாள் தண்ணீர்க் கட்டிக்குப் பதில் காபிக் கட்டியையே போடலாம்.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: மகன் மோகா பாட் என்ற அலுமினியக் காபிப் பாத்திரத்தை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதில் இறங்கும் காபி மிகவும் கசக்கிறது. கேஸ் அடுப்பில் நிற்காமல் ஆடவும் செய்கிறது.

பதில்: 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெட்டி அறிமுகப்படுத்திய பாத்திரம் அது. கீழ் அறையில் உண்டாகும் நீராவியின் அழுத்தம் வெந்நீரைத் தூளின் வழியே மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் 1 முதல் 2 பார் அளவே என்பதால் அதை முழுமையான எஸ்பிரசோ என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஐஸ் பானங்களுக்கு அதைவிடப் பொருத்தமான, விலை குறைந்த சாதனம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் தீயும், தூளை அழுத்தி நிரப்புவதும்தான். கீழ் அறையில் பாதுகாப்பு வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வெந்நீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது சூடேறும் வரை தூளும் சேர்ந்து வேகும். தூளைத் தட்டி நிரப்பி, விரலால் மட்டம் செய்தால் போதும், அழுத்தவே கூடாது. தீ மிகச் சிறியதாக இருக்கட்டும். மேல் மூடியைத் திறந்துவைத்தால், தேன் நிறத்தில் மெல்லிய ஒழுக்காகக் காபி ஏறுவது தெரியும். அந்த ஒழுக்கு வெளுத்து, கொப்பளிக்கும் ஓசை தொடங்கிய உடனே பாத்திரத்தை இறக்கி, அடிப்பகுதியைக் குழாய் நீரில் காட்டுங்கள். அதற்குப் பிறகு வருவது கசப்பு மட்டுமே. சிக்கரி சேர்ந்த தூள் ஈரத்தில் பசைபோல் இறுகி வழியை அடைக்கக்கூடும். ஆகவே தனிக் காபித் தூளையே பயன்படுத்துங்கள்.

ஆடுவதற்குக் காரணம், நம் அடுப்பின் கால்கள் பெரிய பாத்திரங்களுக்காக அகலமாக அமைந்திருப்பதுதான். பர்னர் மேல் வைக்கும் சிறிய இரும்புத் தாங்கி பாத்திரக் கடைகளில் கிடைக்கும். பாத்திரத்தைத் தேய்க்கும் நாரும் சபீனாவும் போட்டுத் துலக்க வேண்டாம். வெந்நீரில் அலசித் துடைத்து, பாகங்களைப் பிரித்தே உலரவையுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: கடையில் விற்கும் வாசனை சிரப்புகள் விலை அதிகம். நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்ய முடியுமா? ஒருமுறை நன்னாரி சர்பத்தைக் கலந்தபோது பால் திரிந்துவிட்டது.

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்ந்த பானத்தில் சர்க்கரை கரைய நெடுநேரம் ஆகும். டம்ளரின் அடியில் மணலாகத் தங்கிவிடும். அதனால்தான் இனிப்பும் வாசனையும் பாகாகவே சேர வேண்டியிருக்கிறது. சர்க்கரையும் தண்ணீரும் சம எடை எடுத்து, கரையும் வரை மட்டும் சூடாக்கினால் அடிப்படைப் பாகு தயார். இறக்கிய பிறகு வெனிலா எசன்ஸ் சில துளிகள் விடுங்கள். கொதியில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஏலக்காயும் பட்டையும் இதற்கு நேர்மாறாகப் பாகோடு சேர்ந்து கொதித்து, மூடியபடியே ஆற வேண்டியவை.

என் முதல் தேர்வு கருப்பட்டிதான். நெல்லை, தூத்துக்குடிப் பக்கங்களில் கருப்பட்டிக் காபி காலங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. குளிர்ந்த எஸ்பிரசோவிலும் அதன் புகை மணம் காபியின் கசப்போடு இயல்பாகச் சேர்கிறது. 200 கிராம் கருப்பட்டியை நுணுக்கி, 150 மில்லி நீரில் கரைத்து, ஒரு துண்டு சுக்கும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டு, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அதன் படிவும் சிறு மணலும் கருப்பட்டியில் இருக்கும். ஆகவே மெல்லிய துணியில் வடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் கசப்பு இன்னும் தணியும். சுத்தமான கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜில், ஒரு வாரம் வைத்திருக்கலாம்.

கேரமல் வேண்டுமென்றால், சர்க்கரையைத் தண்ணீரின்றி அடி கனத்த பாத்திரத்தில் உருக்கி, செம்பழுப்பு நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அது பொங்கித் தெறிக்கும். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

நன்னாரி சர்பத்தில் பால் திரிந்தது புளிப்பினால்தான். விற்பனைக்கு வரும் சர்பத்துகள் பலவற்றில் சிட்ரிக் அமிலம் சேர்ந்திருக்கும். காபியிலும் இயல்பாகச் சிறிது அமிலம் உண்டு. இரண்டும் கூடினால் பாலின் புரதம் திரண்டுவிடுகிறது. ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் நன்னாரி வேர் கிடைக்கிறது. வேரை அலசி, தட்டி, உள்ளே இருக்கும் கட்டையை நீக்கி, பட்டையை வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரிலேயே பாகு காய்ச்சினால் புளிப்பு இருக்காது. எனினும் நன்னாரிக்குப் பால் வேண்டாம் என்பதே என் கருத்து. பாகு, டிகாஷன், ஐஸ், மேலே குளிர்ந்த சோடா. விரும்பினால் எலுமிச்சை சில துளிகள். வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுக்க அதைவிட நல்ல பானம் இல்லை. ரோஸ்மில்க் எசன்ஸை மட்டும் காபியில் சேர்க்காதீர்கள். இரண்டின் மணமும் கெடும்.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: வீட்டு விசேஷத்தில் விருந்தினர்களுக்கு இந்தப் பானம் கொடுக்க நினைக்கிறோம். அருகிலேயே மீனுக்குப் போடும் ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கிறது. அதை உடைத்துப் போடலாமா?

பதில்: கூடாது. மீன் பதப்படுத்துவதற்கான ஐஸ் குடிநீரில் செய்ததென்ற உறுதி இல்லை. அது இழுத்துச் செல்லப்படும் தரையும் வண்டியும் தூய்மையானவை அல்ல. உணவுக்கு உதவாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. ஆனால் நிறம் இல்லை என்பதாலேயே அது குடிக்கத் தகுந்ததாகிவிடாது. குடிநீரில் செய்ததென்று அச்சிட்டு, பையில் அடைத்து விற்கும் கட்டிகளை வாங்குங்கள். அல்லது கொதிக்கவைத்து ஆற்றிய நீரை நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே உறையவைத்துச் சேர்த்துவாருங்கள். பாட்டில்களைச் சுற்றி வெளியே குளிரூட்ட மட்டும் ஐஸ் பாரைப் பயன்படுத்தலாம். உருகும் நீர் மூடிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: கர்ப்பமாக இருக்கும் என் மருமகள் இதை விரும்பிக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: அளவு முக்கியம். ஒரு சிறிய எஸ்பிரசோவில், அதாவது சுமார் 30 மில்லியில், ஏறத்தாழ 60 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட கருத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்ந்து 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது. காலை, மாலை காபியும் இடையில் குடிக்கும் தேநீரும் அந்தக் கணக்கில் அடங்கும். மேலே சொன்ன கெட்டி டிகாஷனில் காஃபீன் மிகுதி. அவளுக்கு 50 மில்லிக்குப் பதில் 20 மில்லி விட்டு, அன்று வேறு காபி வேண்டாமென்று சொல்லுங்கள். அவளைப் பார்க்கும் மருத்துவர் காபியையே தவிர்க்கச் சொல்லியிருந்தால், சுக்கும் ஏலமும் மணக்கும் அதே கருப்பட்டிப் பாகை வடிகட்டிய குளிர்ந்த பாலில் கலந்து கொடுங்கள்.