கதவைத் திறக்கும் விரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ட்வைன் மென்பொருளில் ஒரு திகில் விளையாட்டு எழுதியிருக்கிறேன். ஆளில்லாத வீட்டில் ஓர் இரவு தங்குபவனின் கதை. முழுக்க எழுத்துதான், இணைப்புகளைச் சொடுக்கியபடி வாசிக்க வேண்டும். நண்பர்கள் "நடை நன்றாக இருக்கிறது, பயம்தான் வரவில்லை" என்கிறார்கள். படங்களும் ஒலியும் சேர்த்தால் சரியாகுமா? இதைப் பொதுவில் வெளியிடவும் தயக்கமாக இருக்கிறது. கோப்பை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விளையாடிப் பார்த்தேன். படமும் ஒலியும் வேண்டாம். வீட்டை அழகாக வர்ணித்திருக்கிறீர்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இருட்டு, ஈரம், ஒட்டடை எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். விளையாடுபவருக்குப் பக்கத்தைப் புரட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

சிறுகதையில் பூட்டிய அறையைத் திறப்பது கதாபாத்திரம். இங்கே திறப்பது வாசகரின் விரல். திறக்காமல் திரும்பிப்போக ஒரு வழி இருந்தும் அவர் திறந்தார் என்றால், உள்ளே எது இருந்தாலும் அதற்கு அவரும் பொறுப்பு. இந்த வடிவத்துக்கே உரிய பயம் அதில்தான் பிறக்கிறது. உங்கள் மாடி அறைக்கு ஒரே ஓர் இணைப்பு வைத்திருக்கிறீர்கள். இரண்டாவதாக ஒன்று வையுங்கள்.

1977-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதத் தொடங்கிய ஸோர்க் என்ற எழுத்து விளையாட்டில், இருட்டில் நடப்பவரை க்ரூ என்ற ஒன்று தின்றுவிடும். வெளிச்சத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. கையிலுள்ள விளக்கோ எரிய எரியத் தீர்ந்துகொண்டே வரும். அது தெரிந்தபின் வைக்கும் ஒவ்வோர் அடியும் விளையாடுபவரே எடுக்கும் முடிவு.

அடுத்தது, திரும்பி வருதல். உங்கள் சமையலறைக்கு ஒருவர் எத்தனை முறை வந்தார் என்பதை ட்வைன் தானே எண்ணி வைத்திருக்கிறது. ட்வைன் கதையை இயக்கும் ஹார்லோ வடிவத்தில் 'விசிட்ஸ்' என்ற சொல் அந்த எண்ணிக்கையைத் தரும். முதல்முறை நான்கு நாற்காலிகள் மேசையை ஒட்டிக் கிடக்கட்டும். மூன்றாம் முறை ஒன்று மட்டும் வெளியே இழுபட்டிருக்கட்டும். அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் எழுதாதீர்கள். முன்பும் அப்படித்தான் இருந்ததா என்று அவருக்குச் சந்தேகம் வரும். சரிபார்க்கப் பழைய பக்கம் திரையில் இருக்காது. புத்தகத்தில் இது நடக்காது. விரலை வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிவிடலாம்.

ஆனால் ஹார்லோ, கேட்காமலேயே பக்க ஓரத்தில் ஒரு 'திரும்பு' அம்பைத் தருகிறது. அதை அழுத்தினால் முந்தைய பக்கம் வருகிறது, எடுத்த முடிவும் அழிகிறது. உங்கள் விளையாட்டில் அது அப்படியே இருக்கிறது. நானும் மாடி அறையிலிருந்து அதை அழுத்தி வெளியே வந்தேன். அதை மறைக்க, ட்வைனில் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் ஸ்டைல் பகுதியில் ஒரே ஒரு வரி போதும். பயம் வரவில்லை என்று நண்பர்கள் சொன்னதற்குப் பாதிக் காரணம் இந்த அம்பு என்றே நினைக்கிறேன்.

வெளியிடுவதில் தயங்க ஏதுமில்லை. ட்வைன் தருவது ஒற்றை ஹெச்டிஎம்எல் கோப்பு, இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றினால் எவரும் உலாவியிலேயே விளையாடலாம். ஹாலோவீனை ஒட்டி ஆண்டுதோறும் எக்டோகாம்ப் என்ற போட்டியும் நடக்கிறது. அதில் நான்கு மணி நேரத்துக்குள் எழுதி முடித்த விளையாட்டுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெரிதாக எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணம் அங்கே இல்லை, அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதற்குமுன் ஒருவரை உங்கள் எதிரில் விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. விறுவிறுவென்று சொடுக்குகிறாரா, அவர் படிக்கவில்லை. அந்தப் பத்தியைக் குறையுங்கள். சொடுக்குமுன் விரல் நிற்கிறதா, அங்கே கை வைக்காதீர்கள்.

உங்கள் கதையில் ஒரு குழந்தையின் மரணம் வருகிறது. அதை முகப்பிலேயே எச்சரிக்கையாகச் சொல்லுங்கள். திருப்பம் கெட்டுவிடும் என்று தோன்றினால், வேண்டியவர்கள் மட்டும் திறந்து படிக்கும் தனி இணைப்பாக வையுங்கள். பயப்படச் சம்மதித்து வருபவருக்கு, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் அந்த உருவத்தைத் தலை முதல் கால்வரை வர்ணிக்கும் பத்தியை நீக்கிவிட்டு மீண்டும் அனுப்புங்கள். விளையாடிப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.